சிறுபட்டணத்தில் சொந்த வீடு: விலையைப் பார்ப்பதா, சம்பளத்தைப் பார்ப்பதா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது பழமொழி. மலேசியாவில் வாழும் இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் கல்யாணம் எப்படியாவது நடந்துவிடுகிறது. நகையை அடகு வைத்தோ, கூட்டுப் பணம் எடுத்தோ மண்டபத்துக்குக் கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்குத்தான் வழி பிறக்கமாட்டேன் என்கிறது.

நாட்டில் வீடே இல்லையா என்றால், இருக்கிறது. 2018ஆம் ஆண்டு இறுதியில் மட்டும் கட்டி முடிக்கப்பட்டும் விற்பனையாகாமல் 32,000க்கும் அதிகமான வீடுகள் கிடந்தன. அதே ஆண்டில் தோட்டத்து லயங்களிலும் வாடகை அறைகளிலும் உறவினர் வீட்டு முன்கூடத்திலும் குடும்பங்கள் காலம் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் ஆள் இல்லாத வீடு. மறுபக்கம் வீடு இல்லாத ஆள். இது எப்படி நேர்ந்தது? இதற்கான விடை கோலாலம்பூரைவிட, தோட்டங்களும் பழைய ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்த சிறுபட்டணங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு சிறுபட்டணத்தின் கதை

சிலாங்கூர் மாநிலத்தில் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கிறது பெஸ்தாரி ஜெயா. 2007ஆம் ஆண்டுக்கு முன் அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. வயதானவர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம் உள்ளது. பெயரே தமிழ்ப் பெயர். 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், மலாயாவில் வணிக நோக்கில் செம்பனையை முதன்முதலாக நட்டது இந்தத் தோட்டத்தில்தான். இன்று நாட்டின் பெரும் வருமானங்களில் ஒன்றாக விளங்கும் செம்பனைத் தொழில் இங்கிருந்துதான் புறப்பட்டது.

ஊரின் மறுபக்கம் ஈயம் தோண்டும் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரப்பர், செம்பனை, ஈயம் என்று மூன்று தொழில்களும் ஊரைச் சுற்றி நின்றன. தோட்டத்தில் சம்பளம் போட்ட நாளில் பட்டணத்துக் கடைகள் நிறைந்து வழிந்தன. ஆனால் அந்தச் சம்பளத்தை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பட்டணத்தில் குடியிருக்கவில்லை. அவர்கள் தோட்டத்துக்குள், தோட்டம் கொடுத்த லயத்தில் இருந்தார்கள். சாமான் வாங்கவும், படம் பார்க்கவும், பஸ் ஏறவும் மட்டுமே பட்டணம் தேவைப்பட்டது. அவர்களுக்காக அங்கே யாரும் வீடு கட்டவில்லை. கட்டவேண்டிய தேவை இருப்பதாகவும் எவருக்கும் தோன்றவில்லை.

பிறகு காலம் மாறியது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்து, நாடு முழுவதும் சுரங்கங்கள் மூடப்பட்டன. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். அதே பரப்பளவுக்கு ரப்பருக்குத் தேவைப்பட்ட ஆள் பலம் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. எஞ்சிய வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நகரை ஒட்டிய தோட்டங்கள் மேம்பாட்டுக்காகக் கைமாறின. 1999ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிலாங்கூர் பல்கலைக்கழகம் பெஸ்தாரி ஜெயாவில் வளாகம் அமைத்தது. 2011ஆம் ஆண்டில் கோலாலம்பூர்–கோலசிலாங்கூர் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் மூலையில் கிடந்த வட்டாரம் இப்போது தலைநகருக்குப் பக்கமாகிவிட்டது.

போனவர் யார், வந்தவர் யார் என்று இந்த ஊரில் நின்று கணக்கெடுத்தால் நாட்டின் கதை பாதி விளங்கிவிடும். போனவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள். வந்தவர்கள் மாணவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள், நகரத்து விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் தள்ளி வந்து வீடு தேடுபவர்கள். போகாமலும் புதிதாக வராமலும் நடுவில் நிற்பவர்கள்தான் முன்னாள் தோட்டத் தொழிலாளர்கள்.

வேலையோடு போகும் வீடு

தோட்டத்து வீட்டுக்கு வாடகை இல்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், தோட்ட முதலாளிகள் தொழிலாளர்களுக்கு இலவசமாக வீடும் தண்ணீர், மின்சார வசதியும் தர வேண்டும் என்கிறது. இது பெரிய உரிமை என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த உரிமைக்குள்ளேயே ஒரு பள்ளம் இருக்கிறது. வீடு தொழிலாளிக்கு உரியது, குடும்பத்துக்கு உரியதல்ல. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை போனால், ஓய்வு வயது வந்தால், தோட்டம் கைமாறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

முப்பது வருடம் ஒரே லயத்தில் இருந்து, வாசலில் முருங்கை நட்டு, பின்கட்டைத் தன் கைப்பணத்தில் இழுத்துக் கட்டியவர்கூட, ஓய்வுபெறும் நாளில் அந்த வீட்டில் ஒரு செங்கல்லுக்கும் சொந்தக்காரர் அல்ல. மற்றத் தொழிலாளர்கள் முப்பது வருடம் வாடகையோ தவணையோ கட்டிச் சிரமப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளி அந்தச் சிரமத்தை வேலைக் காலத்தில் படவில்லை. மொத்தச் சிரமமும் கடைசி நாளில் ஒன்றாக வந்து நிற்கிறது.

நட்டஈடு கிடைக்குமே என்று கேட்கலாம். 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆட்குறைப்புச் செய்யும்போது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் தரவேண்டும். ஒருவர் 25 ஆண்டுகள் உழைத்திருந்தால் 500 நாள் சம்பளம். கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 16 மாதச் சம்பளம்தான். மாதம் 500 வெள்ளி வாங்கியவருக்கு அது 8,000 வெள்ளி. அன்றைய மிக மலிவான வீடே 25,000 வெள்ளி. ஒரு வாழ்நாள் உழைப்புக்கான நட்டஈடு, மலிவு வீட்டில் மூன்றில் ஒரு பங்கைக்கூட வாங்கவில்லை.

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள், தோட்டம் போன பிறகு சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தன. 2020களில்தான் அவர்களுக்கு வீடு கட்டித்தர மத்திய அரசாங்கம் முன்வந்தது. இருபது ஆண்டு என்பது சாதாரணக் காலமா? மனு எழுதத் தொடங்கியபோது நாற்பது வயதாக இருந்தவர் அறுபதைத் தாண்டிவிடுகிறார். லயத்தில் பிறந்த குழந்தை வளர்ந்து, வெளியூரில் வேலைக்குப் போய், தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்கிறது. வீடு தாமதமாகும்போது அந்த வீட்டில் வாழ வேண்டிய குடும்பமே மாறிவிடுகிறது.

மலிவு விலை வேறு, வாங்கும் சக்தி வேறு

மலிவு விலை வீடு என்ற சொல் நாட்டில் புதியதல்ல. 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு மலிவு வீட்டின் உச்ச விலையை 25,000 வெள்ளி என்று நிர்ணயித்தது. மாதம் 750 வெள்ளிக்கு மேல் வருமானம் இல்லாத குடும்பங்களுக்கே அந்த வீடு. புதிய வீடமைப்புப் பகுதிகளில் 30 விழுக்காட்டை மலிவு வீடுகளாகக் கட்டவேண்டும் என்ற விதியும் வந்தது.

1998ஆம் ஆண்டில் இந்த விலை மாற்றியமைக்கப்பட்டது. நில விலையைப் பொறுத்து நான்கு படிகள் வைத்தார்கள். பெரிய நகரங்களில் 42,000 வெள்ளி, அதற்கடுத்த நிலையில் 35,000, சிறுபட்டணங்களில் 30,000, கிராமப்புறத்தில் 25,000. மூன்று படுக்கையறைகள், ஏறக்குறைய 650 சதுர அடி. ஊருக்கு ஊர் விலை மாறவேண்டும் என்பதை அன்றே ஏற்றுக்கொண்டார்கள் என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

பின்னாளில் மலிவு விலை வீடு என்பது போய், வாங்கும் சக்திக்கு ஏற்ற வீடு என்ற சொல் வந்தது. 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட தேசிய வீட்டுக் கொள்கை, 300,000 வெள்ளிவரை விலையுள்ள வீடுகளை இந்த வகையில் சேர்த்தது. சொல் ஒன்றுதான், அதற்குள் அடங்கும் விலை எங்கோ போய்விட்டது.

வாங்கும் சக்தியை எப்படி அளப்பது? உலக அளவில் பயன்படும் ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஓர் ஊரில் உள்ள குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் குடும்பம் ஒன்று இருக்கும். அங்குள்ள வீடுகளை விலை வரிசையில் நிறுத்தினால் நடுவில் ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டின் விலை, அந்தக் குடும்பத்தின் மூன்று வருட வருமானத்துக்குள் அடங்கினால் வாங்கக்கூடிய வீடு. நான்கு மடங்கைத் தாண்டினால் சிரமம். ஐந்தைத் தாண்டினால் பெரும் சிரமம்.

கசானா ஆய்வுக் கழகம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 2014ஆம் ஆண்டு நிலவரத்தை இந்த அளவுகோலால் அளந்தது. நாடு முழுமைக்கும் 4.4 மடங்கு. கோலாலம்பூரில் 5.4 மடங்கு. இதில் வியப்பில்லை. ஆனால் திரெங்கானுவில் 5.5 மடங்கு! கோலாலம்பூரில் நடுவில் நின்ற வீட்டின் விலை 490,000 வெள்ளி. திரெங்கானுவில் 250,000 வெள்ளிதான். விலை ஏறக்குறைய பாதி. இருந்தும் திரெங்கானுக்காரருக்கே வீடு வாங்குவது கடினமாக இருந்தது. காரணம், அங்கே சம்பளம் பாதிக்கும் கீழே இருந்தது. மலாக்காவில் மட்டும் விலை மூன்று மடங்கில் நின்றது.

சிறுபட்டணங்களைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். "அங்கெல்லாம் வீடு மலிவுதானே" என்று நகரத்தில் இருப்பவர் சொல்கிறார். யாருக்கு மலிவு? நகரத்துச் சம்பளத்தைப் பையில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு மலிவு. அந்த ஊரிலேயே சம்பாதித்து அந்த ஊரிலேயே வாழ்பவருக்கு அல்ல.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி. மொத்தம் மாதம் 3,400. வருடத்துக்கு 40,800 வெள்ளி. மூன்று மடங்கு அளவுகோலின்படி இவர்கள் வாங்கக்கூடிய வீடு சுமார் 122,000 வெள்ளி.

இவர்களுக்கு 300,000 வெள்ளி வீட்டைக் காட்டி, இதுவும் உங்கள் சக்திக்கு ஏற்ற வீடுதான் என்று சொன்னால் என்ன ஆகும்? முதலில் 10 விழுக்காடு முன்பணம், 30,000 வெள்ளி. ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஒன்பது மாதச் சம்பளம். மீதி 270,000 வெள்ளியை 4.5 விழுக்காடு வட்டியில் 30 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 1,370 வெள்ளி. சேமநிதிப் பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் 45 விழுக்காடு தவணைக்கே போய்விடும். பிள்ளைகளின் படிப்பு, மோட்டார் சைக்கிள் கடன், மின்சாரம், மருந்து, சமையல் எல்லாம் மீதியில் நடக்க வேண்டும். வங்கி மறுப்பதில் என்ன வியப்பு? வங்கி கடன் கொடுத்துவிட்டால்தான் அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து.

நாட்டின் நடுத்தரக் குடும்பத்துக்கே இது எட்டவில்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நடுவில் நின்ற குடும்பத்தின் மாத வருமானம் 6,338 வெள்ளி. மூன்று மடங்கு போட்டால் 228,000 வெள்ளி வீடு. ஆக, 300,000 வெள்ளி என்ற உச்ச வரம்பு நாட்டின் நடுத்தரக் குடும்பத்தையே தாண்டி நிற்கிறது. அதைச் சிறுபட்டணத்தில் கொண்டுபோய் வைத்தால் வீடு பூட்டிக் கிடக்காமல் வேறென்ன செய்யும்?

ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள்?

வருமானம் ஒரு பாதி. மக்கள்தொகை மறுபாதி. வீடு கட்டுபவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள்.

1970ஆம் ஆண்டில் நாட்டில் உள்ள இந்தியர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் பட்டணங்களிலும் நகரங்களிலும் வாழ்ந்தனர். மற்றவர்கள் தோட்டப்புறத்திலும் கிராமங்களிலும் இருந்தனர். 2000ஆம் ஆண்டில் ஐந்தில் நான்கு பங்கினர் நகரவாசிகள். முப்பதே ஆண்டுகளில் ஒரு சமுதாயம் கிட்டத்தட்ட முழுவதுமாக இடம் பெயர்ந்திருக்கிறது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், 1980ல் 34 விழுக்காடாக இருந்த நகர மக்கள் 2020ல் 75 விழுக்காடாகிவிட்டனர்.

குடும்பமும் சிறுத்துவிட்டது. 1970ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறக்குறைய ஐந்து குழந்தைகள். 2022ல் இரண்டுக்கும் குறைவு. 1980ல் ஒரு வீட்டில் சராசரி ஐந்து பேருக்கு மேல் வாழ்ந்தனர். இப்போது நான்கு பேர்கூட இல்லை. 65 வயதைத் தாண்டியவர்கள் 2010ல் 5 விழுக்காடு, 2020ல் 6.8 விழுக்காடு. நாட்டின் குடிமக்களில் இந்தியர்களின் பங்கு 2010ல் 7.3 விழுக்காட்டிலிருந்து 2020ல் 6.7 விழுக்காட்டுக்கு இறங்கியது.

இந்த எண்களை ஒரு சிறுபட்டணத்தின் தெருவில் இறக்கிப் பார்த்தால் என்ன தெரிகிறது? மூன்று படுக்கையறை வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அடுத்த வீட்டில் பத்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அதற்கடுத்த வீடு மாணவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, புதிதாகத் திருமணமாகி வாடகைக்கு வீடு தேடும் இளம் தம்பதிக்கு இடமில்லை. ஆறு மாணவர்கள் சேர்ந்து கொடுக்கும் வாடகையை ஒரு குடும்பம் தனியாகக் கொடுக்க முடியுமா?

பேராக்கில் உள்ள கம்பார் இதற்கு இன்னொரு சான்று. ஈயத்தால் வளர்ந்த ஊர். 1985க்குப் பிறகு இளைஞர்கள் வெளியேற, ஊர் ஓய்ந்துபோனது. 2007ஆம் ஆண்டில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் அங்கே வளாகம் திறந்ததும் ஊருக்குப் புத்துயிர் வந்தது. புதிய வரிசை வீடுகளும் கடைகளும் எழுந்தன. அவற்றில் பல, மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் நோக்கத்தோடு வாங்கப்பட்டவை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது அந்த அறைகள் காலியாயின. வந்து போகிறவர்களை மட்டும் நம்பி வீடு கட்டிய ஊர், அவர்கள் வராத ஆண்டில் தடுமாறும் என்பதற்கு அது பாடம்.

மக்கள் நகரும்போது பள்ளிக்கூடமும் பாதிக்கப்படுகிறது. நாட்டில் 500க்கும் அதிகமான தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் கணிசமானவை தோட்டப்புறத்துக்கென்று கட்டப்பட்டவை. தோட்டத்தில் குடும்பங்கள் இல்லாமல் போனபோது மாணவர் எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே இறங்கியது. குடும்பங்கள் போய்ச் சேர்ந்த புதிய தாமான்களிலோ பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இல்லை. வீடு ஓர் இடத்தில், பள்ளி ஓர் இடத்தில். கோயிலும் இடுகாடும் அப்படித்தான். வீடமைப்பு என்பது சுவரும் கூரையும் மட்டும் என்று எண்ணியதன் விளைவு இது.

எந்த வீடு பொருந்தும்?

அப்படியானால் சிறுபட்டணத்துக்கு என்ன செய்யவேண்டும்? பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டாலே போதும்.

முதல் கேள்வி, இந்த ஊரில் வேலை செய்பவர்களின் சம்பளம் என்ன? அந்தச் சம்பளத்திலிருந்து விலையைக் கணக்கிட வேண்டும். 1998ல் சிறுபட்டணத்துக்குத் தனி விலை வைத்த நாடு, இன்றும் ஊருக்கு ஊர் வரம்பை மாற்றியமைக்க முடியாதா?

இரண்டாவது, வீட்டில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? முதியவர் இருவருக்கு மாடிப்படி இல்லாத சிறிய தரை வீடு போதும். அதைத் தாமானின் கடைசியில் ஒதுக்காமல் மருத்துவ நிலையத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் பக்கத்தில் கட்டினால், அவர்களால் மற்றவர் துணையின்றி வாழ முடியும்.

மூன்றாவது, வாங்க முடியாதவர்கள் எங்கே போவார்கள்? மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வாடகை வீடுகளுக்கு மாதம் 124 வெள்ளி என்று பல ஆண்டுகளாக வசூலிக்கப்பட்டு வந்தது. இவை அதிகம் எழுந்தது பெரிய நகரங்களில்தான். சிறுபட்டணத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு 60 வயதில் எந்த வங்கியும் கடன் தராது. அவருக்குத் தேவை குறைந்த வாடகையில் நிலையான வீடு, அல்லது வாடகையே தவணையாகக் கழிந்து பிள்ளையின் பெயரில் சொந்தமாகும் ஏற்பாடு.

நான்காவது, வீடு கட்டித்தருவதாகச் சொன்னால் எப்போது? நிலம் கைமாறும் நாளிலேயே வீட்டுக்கான நிலமும் ஒதுக்கப்பட்டுப் பத்திரமாக வேண்டும். வாய்மொழி வாக்குறுதி இருபது ஆண்டு இழுக்கும் என்பதைத் தோட்டங்கள் பார்த்துவிட்டன.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

அரசாங்கம் செய்யட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் வயது காத்திருக்காது. குடும்பங்கள் தம் பங்குக்குச் செய்ய வேண்டியவை சில உண்டு.

1. வீட்டுக் கடனில் வயதுதான் பெரிய மூலதனம். பெரும்பாலான வங்கிகள் 70 வயதுக்குள் கடன் முடியவேண்டும் என்கின்றன. 100,000 வெள்ளிக் கடனை 4.5 விழுக்காடு வட்டியில் 30 வருடத்தில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 507 வெள்ளி. ஐம்பத்தைந்து வயதில் போய் 15 வருடத்துக்கு வாங்கினால் மாதம் 765 வெள்ளி. ஆகவே, தோட்டத்து வீட்டிலோ நிறுவனத்து வீட்டிலோ வாடகையின்றி இருப்பவர்கள், வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே வீட்டுக்கென்று சேமிக்க வேண்டும். கொடுக்காத வாடகையைச் செலவுக்கான பணம் என்று எண்ணக்கூடாது.

2. வங்கி சம்பளச் சீட்டோடு, பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டிய பதிவையும் பார்க்கிறது. மோட்டார் சைக்கிள் தவணையில் மூன்று மாதம் தவறினால், பிறகு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும். உயர்கல்விக் கடனும் அப்படியே.

3. நிலையான சம்பளச் சீட்டு இல்லாத லாரி ஓட்டுநர், சிறு வியாபாரி, குத்தகை வேலை செய்பவர் போன்றோருக்காக அரசாங்கத்தின் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. முதல் வீடு வாங்கும் இளைஞர்களுக்கு முன்பணம் இல்லாமல் கடன் பெற வழிசெய்யும் திட்டம் 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. விசாரிக்காமலேயே நமக்குக் கிடைக்காது என்று முடிவு கட்டிவிடுபவர்கள்தான் அதிகம்.

4. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலத்துக்கு, 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கு, 10 விழுக்காடு எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்குக்கு. வீட்டுக்கென்று எடுக்க உதவுவது அந்த நடுக்கணக்கு. பத்து விழுக்காட்டைக் கைப்பேசிக்கும் பண்டிகைக்கும் கரைத்துவிட்டு முன்பணத்துக்குத் திண்டாடுவது வேண்டாம்.

5. மாநில வீடமைப்பு வாரியத்தில் பெயரைப் பதிவு செய்வதோடு நில்லாமல், முகவரி, வருமானம், குடும்ப விவரம் மாறும்போது புதுப்பிக்க வேண்டும். கடிதம் பழைய லயத்து முகவரிக்குப் போய்த் திரும்பியதால் வாய்ப்பு கைநழுவக்கூடாது.

6. கிடைத்த மலிவு வீட்டை அவசரத்தில் விற்றுவிடக்கூடாது. பல மலிவு வீடுகளின் பட்டாவில், மாநில அரசின் அனுமதியின்றி விற்கக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. அதை மீறிக் கைக்கடுதாசியில் விற்பவருக்கும் தொல்லை, வாங்குபவருக்கும் தொல்லை. விற்ற பணம் இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். அதே ஊரில் அதே விலைக்கு இன்னொரு வீடு கிடைக்காது.

ஒன்றுபட்டு வென்ற முன்னுதாரணம்

ஒரு தலைமுறைக்கு முன்பே இதைவிடக் கடினமான நிலையைத் தோட்டத் தொழிலாளர்கள் சந்தித்திருக்கிறார்கள். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அப்போதுதான் துன் வீ.தி.சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்குகள் வாங்கினார்கள். 1961ஆம் ஆண்டில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. அன்றைய தொழிலாளிக்குப் பத்து வெள்ளி சிறிய தொகை அல்ல. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க முடியாததைச் சேர்ந்து வாங்க முடிந்தது.

அந்தத் தலைமுறை நிலத்தைக் காப்பாற்றப் போராடியது. இந்தத் தலைமுறை காப்பாற்ற வேண்டியது குடியிருக்கும் ஊரை. குடும்பங்கள் ஓர் ஊரில் நிலைத்திருந்தால்தான் அங்கே பள்ளிக்குப் பிள்ளைகள் இருப்பார்கள், கோயிலுக்குக் கூட்டம் இருக்கும், கடைக்கு வியாபாரம் இருக்கும். வாக்குச் சீட்டில் அந்தச் சமுதாயத்தின் எண்ணிக்கையும் கணக்கில் வரும். வீடு கிடைக்காமல் ஆளுக்கொரு திசையில் சிதறிவிட்டால் இவை ஒவ்வொன்றும் கரையும்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அந்த வளை எவ்வளவு பெரியது என்பதை நகரத்து மேம்பாட்டாளர் முடிவு செய்யக்கூடாது. அந்த ஊரின் சம்பளமும், அங்கே வாழப்போகும் குடும்பமும் முடிவு செய்ய வேண்டும். அடுத்த முறை ஓர் ஊரில் புதிய தாமானுக்கு அடிக்கல் நாட்டும்போது அங்குள்ள மக்கள் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி எத்தனை வீடு என்பதல்ல. இந்த ஊரில் வேலை செய்யும் யார் இதை வாங்க முடியும் என்பதே. அதற்குச் சரியான பதில் கிடைத்தால், அந்த வீடுகளில் விளக்கெரியும்.